ஒரே நாளில் வந்த இரண்டு ‘டெத் மேக்னெடிக்’: டைனமிக் ரேஞ்ச் உள்ள பதிப்பைத் தேடுவது எப்படி

2008 செப்டம்பர் 12 அன்று மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் வெளியானது. அதே நாளில் அதன் 10 பாடல்களும் ‘கிட்டார் ஹீரோ 3’ வீடியோ விளையாட்டுக்கான தரவிறக்கமாகவும் வந்தன. வாசித்தவர்களும் அவர்களே, ஒலிப்பதிவும் அதுவே. ஆனால் சிடியில் சத்தம் ஏறும் இடங்களிலெல்லாம் டிரம் அடி நசுங்கிக் கரகரத்தது. விளையாட்டில் அதே அடி தனியாக, உடையாமல் கேட்டது. சில நாட்களிலேயே ரசிகர்கள் இரண்டின் அலைவடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விளையாட்டினது முள்ளும் இடைவெளியுமாகத் தெரிந்தது. சிடியினது மேலும் கீழும் ரம்பத்தால் அறுத்த பலகை போல இருந்தது. சத்த அளவில் இரண்டுக்கும் ஏறத்தாழ 10 டெசிபல் வேறுபாடு என்று மாஸ்டரிங் பொறியாளர்களே அளந்து காட்டினார்கள். ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து தரச் சொல்லி 10,000 பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்திட்டார்கள்.

நல்ல டைனமிக் ரேஞ்ச், அதாவது மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே நல்ல தூரம் உள்ள பதிவுகளைத் தேடுபவருக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது அரிது. வழக்கமாக ஒரு ஆல்பத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டால் ஆண்டு, நாடா, ஊடகம், பொறியாளர் என எல்லாமே மாறியிருக்கும். எது காரணம் என்று பிரித்தெடுக்க முடியாது. இங்கே பெரிதாக மாறியது ஒன்றுதான்: பதிவான இசை அதன்பின் எவ்வளவு இறுக்கப்பட்டது என்பது. சிடி என்ற ஊடகத்தின் மேல் பழியில்லை. 16 பிட் சிடிக்குக் கோட்பாட்டளவில் 96 டெசிபல் இடமுண்டு. அந்த ஆல்பம் பயன்படுத்தியது அதில் ஒரு ஓரத்தை மட்டும்தான்.

எங்கே இறுகியது

ஒரு பாடல் மூன்று படிகளைக் கடந்து நம்மிடம் வருகிறது. முதலில் கருவிகள் தனித்தனித் தடங்களாகப் பதிவாகின்றன. பிறகு மிக்சிங்கில் அவை இடம், வலம் என்ற இரண்டு தடங்களாகச் சேர்கின்றன. கடைசியில் மாஸ்டரிங்கில் அந்த இரண்டு தடங்களின் சமநிலையும் சத்தமும் முடிவாகின்றன. சத்தத்தைக் கூட்டும் வேலை பெரும்பாலும் மாஸ்டரிங்கில்தான் நடக்கும் என்பதால், ரசிகர்களின் கோபம் முதலில் மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் மேல் திரும்பியது. தன்னிடம் வந்த மிக்ஸ்களே ஏற்கெனவே உச்சம் வரை இறுக்கப்பட்டிருந்தன என்று அவர் ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியே வந்தது. ரிக் ரூபின் தயாரித்த அந்த ஆல்பத்தின் ஒலியைக் குழுவினர் ஆதரித்தே பேசினார்கள்.

விளையாட்டுப் பதிப்பு தப்பியதற்குக் காரணம் எளிமையானது. கிட்டார் ஹீரோவில் விளையாடுபவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டார் ஒலி மட்டும் நிற்க வேண்டும்; மற்றக் கருவிகள் தொடர வேண்டும். அதற்கு கிட்டார், பேஸ், டிரம், குரல் எல்லாம் தனித்தனியாகத் தரப்பட வேண்டும். தனித் தடங்களாகப் போனதால், எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் நசுக்கும் லிமிட்டரை அவை கடக்கவில்லை. நல்ல ஒலி கிடைத்தது யாரும் திட்டமிட்டதால் அல்ல, விளையாட்டின் தொழில்நுட்பத் தேவையால்.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வது நல்லது. எம்பி3 போன்ற கோப்புச் சுருக்கம் வேறு; கம்ப்ரசரும் லிமிட்டரும் செய்யும் ஒலியிறுக்கம் வேறு. முதலாவது கோப்பின் எடையைக் குறைக்கிறது. இரண்டாவது மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கிறது. விளையாட்டுப் பதிப்பு கோப்பளவில் இழப்போடு சுருக்கப்பட்டதுதான், ஒலியளவில் இறுக்கப்படாதது. சுருக்கமே இல்லாத சிடியைவிட அது நன்றாகக் கேட்டதென்றால், எந்த இறுக்கம் காதை அதிகம் பாதிக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

டிஆர் 3 என்றால் எவ்வளவு

அந்தச் சிடியின் டைனமிக் ரேஞ்ச் அளவீடு, சுருக்கமாக டிஆர், 3. இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எப்போது அதை நம்பலாம், எப்போது கூடாது என்று சொல்ல முடியும்.

டிஆர் மீட்டர் பாடலை 3 விநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் சராசரிச் சக்தியையும் உச்சத்தையும் குறித்துக்கொள்கிறது. பிறகு மிகச் சத்தமான 20 சதவீதத் துண்டுகளை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைக் காண்கிறது. 4 நிமிடப் பாடலில் 80 துண்டுகள். அவற்றில் 16, அதாவது 48 விநாடி இசைதான் இந்தக் கணக்கில் சேரும். துண்டுகளின் உச்சங்களில் இரண்டாவது பெரியதற்கும் அந்தச் சராசரிக்கும் உள்ள தூரமே டிஆர். முதல் உச்சத்தை விட்டுவிடுவது, தற்செயலாக வந்த ஒரு வெடிப்பு கணக்கைக் கெடுத்துவிடாமலிருக்க. இடம், வலம் இரண்டின் சராசரி பாடலின் எண்ணாகிறது. பாடல்களின் சராசரி ஆல்பத்தின் எண்ணாகிறது.

சுத்தமான சைன் அலைக்கு 0 வரும்படி இந்த அளவுகோல் 3 டெசிபல் நகர்த்தி வைக்கப்பட்டுள்ளது. ஆகவே டிஆர் 3 என்றால் உச்சத்துக்கும் சராசரிக்கும் உண்மையான தூரம் 6 டெசிபல். டிரம் அடி விழும் கணத்தின் உச்சம் சராசரி அலையைப் போல வெறும் 2 மடங்கு. டிஆர் 12 உள்ள பதிவில் அந்தத் தூரம் 15 டெசிபல், கிட்டத்தட்ட 5.6 மடங்கு. ஸ்னேர் டிரம்மின் ‘பட்’ என்ற முனை அந்தக் கூடுதல் இடத்தில்தான் வாழ்கிறது. அதை வெட்டிவிட்டால் அடி கேட்கும், அறை கேட்காது.

அட்டவணைகள் 14 முதல் பச்சை, 7 வரை சிவப்பு என்று நிறம் பூசுகின்றன. அதை எல்லா இசைக்கும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கனத்த கிட்டார்ச் சுவர் உள்ள மெட்டல் இசைக்கு டிஆர் 10, 11 தாராளம். இசைக்கருவிகள் நான்கைந்தே உள்ள அக்கூஸ்டிக் பதிவு 10இல் நின்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒப்பிட வேண்டியது ஒரே ஆல்பத்தின் இரண்டு பதிப்புகளை; வேறு வேறு இசை வகைகளை அல்ல.

தேடும் முறை

முதலில் ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளையும் டிஸ்காக்ஸ் என்ற இணையத் தளத்தின் பட்டியலில் வரிசைப்படுத்துங்கள். நாடு, ஆண்டு, பட்டியல் எண் மூன்றையும் குறியுங்கள். பட்டியல் எண் மட்டும் போதாது. ஒரே எண்ணில் பல ஆண்டுகள் தட்டு அடிப்பார்கள். நடுவில் மாஸ்டர் மாறியிருந்தாலும் அட்டையில் எண் மாறாமல் இருக்கலாம். உறுதியான அடையாளம் சிடியின் பளபளக்கும் பக்கத்தில் உள்வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எழுத்துக்கள்தான். பழைய சிடி வாங்கும்போது விற்பவரிடம் அந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். அட்டைப் படத்தை மட்டும் நம்பி வாங்கினால், பழைய அட்டைக்குள் புதிய தட்டு வந்து சேரும்.

பிறகு டைனமிக் ரேஞ்ச் டேட்டாபேஸில் அந்தப் பதிப்புகளின் எண்களைப் பாருங்கள். அது கேட்பவர்களே அளந்து சேர்த்த தொகுப்பு. பதிப்பின் விவரம் இல்லாமல் வெறும் எண் மட்டும் உள்ள பதிவைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே பதிப்புக்கு இரண்டு மூன்று பேர் ஒரே எண்ணைத் தந்திருந்தால் அது நம்பத் தக்கது.

ஆண்டைப் பார்த்தே பாதி யூகிக்கலாம். 1983 முதல் 1990 வரை வந்த ராக், பாப் சிடிகளில் பெரும்பாலானவை இறுக்கப்படாதவை. 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 என்ற டிஜிட்டல் லிமிட்டர் வந்தது. வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து அமுக்கும் திறன் எல்லார் கைக்கும் எட்டியது. அதன்பின் ஆண்டுக்காண்டு எண்கள் இறங்கின. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985இல் சிடிக்காகவே பெயர் பெற்ற ஆல்பம். அதன் முதல் சிடி டிஆர் 16ஐ ஒட்டி நிற்கிறது. 1996 ரீமாஸ்டர் அதைவிடச் சில படி கீழே. ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

தட்டு கைக்கு வந்ததும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் பிழை சரிபார்ப்போடு, இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பாகக் கணினிக்கு எடுங்கள். ஃபூபார்2000 பிளேயரில் டிஆர் மீட்டர் இணைப்பை நிறுவி, ஆல்பம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் பட்டியல் வந்துவிடும். ஓட்டும் முன் ஈக்வலைசர், ரீப்ளேகெயின் (பாடல்களின் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி) எதுவும் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1980களின் தொடக்கச் சிடிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சில தட்டுகளில் ப்ரீ எம்ஃபசிஸ் என்ற முறையில் உயர் அதிர்வெண்களைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள்; சிடி பிளேயர் தட்டில் அதற்கென உள்ள குறியீட்டைப் படித்துத் தானே இறக்கிவிடும். கணினியில் எடுக்கும்போது அந்த இறக்கம் நடக்காது. உச்ச அதிர்வெண்களில் 10 டெசிபல் வரை மிகுந்து, சிம்பல் ஊசி போலக் குத்தும். ‘பழைய சிடிகள் மெலிந்து கூர்மையாக ஒலிக்கும்’ என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். எடுக்கும் மென்பொருளில் ப்ரீ எம்ஃபசிஸ் நெடுவரிசையைப் பாருங்கள். ஆம் என்றிருந்தால் சாக்ஸ் கருவியின் டீ எம்ஃபசிஸ் வடிகட்டியைக் கடத்திய பிறகே அளக்கவும் கேட்கவும் வேண்டும்.

எண் வந்த பின்னும் அலையைக் கண்ணால் பாருங்கள். ஆடாசிட்டியில் பாடலின் மிகச் சத்தமான இடத்துக்குப் போய், திரையில் 20 மில்லிவிநாடி மட்டும் தெரியுமளவுக்குப் பெரிதாக்குங்கள். அலையின் உச்சி வளைந்திருந்தால் நல்லது. மேசை போலத் தட்டையாக இருந்தால் அது கிளிப்பிங். கிளிப்பிங்கைச் சிவப்பாகக் காட்டும் வசதி அதிலேயே உண்டு, ஆனால் அது 0 டெசிபலைத் தொட்ட இடங்களை மட்டும் காட்டும். வெட்டிய அலையை மாஸ்டரிங்கில் அரை டெசிபல் இறக்கிவிட்டால் சிவப்பு மறைந்துவிடும், தட்டை மறையாது. ‘டெத் மேக்னெடிக்’ போல மிக்சிலேயே இறுகி வந்த இசையில் இதைத்தான் தேட வேண்டும்.

எண் பொய் சொல்லும் இடங்கள்

மிகப் பெரிய பொய் எல்பி இசைத்தட்டில் இருக்கிறது. ஒரே மாஸ்டரிலிருந்து அடித்த சிடியையும் எல்பியையும் அளந்தால் எல்பி 3, 4 புள்ளி கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். இதைப் பார்த்து எல்பியில் டைனமிக் ரேஞ்ச் அதிகம் என்று விலை கொடுத்து வாங்குகிறவர்கள் ஏராளம். நடப்பது இதுதான்: தட்டு வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் தாழ் அதிர்வெண்களின் ஃபேஸ், அதாவது அலையின் நேர நிலை, சற்று நகர்கிறது. தட்டையாக வெட்டிய அலையுச்சி அதனால் சாய்ந்துகொள்கிறது. சாய்ந்த மூலை புதிய உச்சமாகத் தெரிகிறது. மீட்டர் அதைத் தூரமாக எண்ணுகிறது. நசுங்கிய அடி நசுங்கியே இருக்கிறது. டிஆர் 3 சிடியின் எல்பி டிஆர் 7 என்று வந்தால் 4 புள்ளி மீண்டதாகப் பொருளல்ல. தட்டுக்கென்றே தனியாக மாஸ்டர் செய்ததற்கு வேறு சான்று இருந்தால் மட்டும் நம்புங்கள்.

பழைய தமிழ்த் திரையிசையை எல்பியிலிருந்து எடுத்த கோப்புகளில் இன்னொரு வகை உண்டு. கீறல் வெடிப்பு ஒன்று மட்டுமென்றால் மீட்டர் தள்ளிவிடும். வெவ்வேறு துண்டுகளில் இரண்டு வெடிப்பு இருந்தாலே இரண்டாவது உச்சம் வெடிப்பாகிவிடும். டிஆர் 15 என்று பெருமையாகப் போட்டிருக்கும் கோப்பில் அளக்கப்பட்டது கீறலாக இருக்கலாம். வெடிப்புகளை நீக்கிவிட்டு மறுபடி அளந்தால் உண்மை தெரியும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கள் கொள்கலனின் அளவு. உள்ளே அதே மாஸ்டர் என்றால் டிஆரும் அதே. ஜப்பானிய எஸ்ஹெச்எம் சிடியின் சிறப்பு பிளாஸ்டிக்கில் உள்ளது, மாஸ்டரில் அல்ல. எம்பி3, ஏஏசி கோப்புகளில் சுருக்கமே உச்சங்களைச் சற்று நகர்த்துவதால் 1 புள்ளி இங்கும் அங்கும் ஆடும். அதை வேறு பதிப்பு என்று நினைக்க வேண்டாம். பேஸ் தூக்கிய ரீமாஸ்டரில் லிமிட்டரே இல்லாவிட்டாலும் சராசரி ஏறி டிஆர் இறங்கும். இது எதிர்த் திசைப் பொய்.

டிஆர் சொல்லவே சொல்லாத ஒன்றும் உண்டு. சத்தமான 20 சதவீதத்தை மட்டும் பார்ப்பதால், மெல்லத் தொடங்கிப் பெருகும் பாடலின் அந்தப் பயணம் அதன் கணக்கில் வராது. அதற்கு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 முறையில் உள்ள எல்ஆர்ஏ என்ற அளவு வேண்டும். இது 3 விநாடிச் சாளரங்களின் சத்தத்தை வரிசைப்படுத்தி, மிக மெல்லியவற்றை வடிகட்டி, 10ஆம் சதமானத்துக்கும் 95ஆம் சதமானத்துக்கும் உள்ள தூரத்தைத் தருகிறது. அடியின் கூர்மைக்கு டிஆர்; பாடலின் ஏற்ற இறக்கத்துக்கு எல்ஆர்ஏ. மேற்கத்திய செவ்வியல் இசை வாங்குபவர் இரண்டாவதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. எஃப்எஃப்எம்பெக் கருவியின் ஆர்128 வடிகட்டி மொத்தச் சத்தம், எல்ஆர்ஏ, உண்மை உச்சம் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தரும்.

கடைசியாகக் காது. இரண்டு பதிப்புகளை அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால் சத்தமானது ஜெயிக்கும். 10 டெசிபல் கூடினால் இரு மடங்கு சத்தமாக உணர்கிறோம். முதலில் ரீப்ளேகெயின் கொண்டு இரண்டையும் ஒரே சத்தத்துக்கு இறக்குங்கள். பிறகு ஒலியளவைச் சற்றுத் தாராளமாக வைத்து, டிரம் தனியாக வரும் இடத்தையும் எல்லாக் கருவியும் சேரும் இடத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நல்ல பதிப்பில் கூட்டம் சேரும்போது இசை பெரிதாகும். இறுகிய பதிப்பில் கூட்டம் சேரும்போது குரலும் ஸ்னேரும் பின்வாங்கும். இதைப் பிடித்துவிட்டால் மீட்டர் இல்லாமலேயே பாதி வேலை முடியும்.

ஸ்ட்ரீமிங் தளங்கள் சத்தத்தைச் சமன் செய்வதால் சிக்கல் தீர்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் கழித்தல் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கும், ஆப்பிள் மியூசிக் கழித்தல் 16 அளவுக்கும் கொண்டுவருகின்றன. இறுகிய பாடல் அங்கே பல டெசிபல் கீழே இறக்கப்படுகிறது, அவ்வளவுதான். வெட்டிய உச்சி திரும்ப வளர்வதில்லை. அதே நேரம் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலிப் பதிப்புகளைப் பார்க்கத் தவறாதீர்கள். அவற்றைக் கழித்தல் 18 எல்யுஎஃப்எஸுக்கு மேல் ஏற்றி ஒப்படைக்கக் கூடாது என்ற விதி இருப்பதால், நசுக்கி ஆதாயம் தேட வழியில்லை. ஆனால் அது வேறு மிக்ஸ். கருவிகளின் இடமும் சமநிலையும் மாறியிருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

திருத்தங்கள் எங்கே பலித்தன

மிக்சிலேயே இறுகிய இசையை மாஸ்டரிங்கில் மீட்க முடியாது. மூலத் தடங்களுக்குத் திரும்ப வேண்டும். ரஷ் குழு அதைச் செய்தது. 2002இல் வந்த அவர்களின் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ இதே குற்றச்சாட்டுக்கு ஆளானது. 2013இல் டேவிட் பாட்ரிலைக் கொண்டு அதை முழுவதும் மறுபடி மிக்ஸ் செய்து தனிப் பதிப்பாக வெளியிட்டார்கள். ஆகவே பதிப்புகளைத் தேடும்போது அட்டையில் ‘ரீமிக்ஸ்’ என்ற சொல்லையும் ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லையும் பிரித்துப் படியுங்கள். இயரேக் நிறுவனம் தன் பழைய மெட்டல் ஆல்பங்கள் சிலவற்றை ‘ஃபுல் டைனமிக் ரேஞ்ச்’ என்றே பெயரிட்டு மறுவெளியீடு செய்தது. இந்த வகை முத்திரை நல்ல அறிகுறிதான், அளந்து பார்த்த பிறகு.

‘டெத் மேக்னெடிக்’ விஷயத்தில் விளையாட்டுப் பதிப்பு கடையில் வாங்கும் ஆல்பம் அல்ல. ரசிகர்கள் தடங்களைப் பிரித்துச் சேர்த்தவற்றில் சமநிலையும் ஒலிப்பூச்சும் சிடியிலிருந்து வேறுபடும்; முடிந்த மிக்ஸ் என்று அவற்றைச் சொல்ல முடியாது. 2015இல் ஐட்யூன்ஸுக்கென்று மாஸ்டர் செய்த பதிப்பு வந்தது. 2008 சிடியைவிட இறுக்கம் தெளிவாகக் குறைந்தது அதில்தான். இன்று இந்த ஆல்பத்தை முறையாக வாங்க விரும்புபவர் அதைத்தான் எடுக்க வேண்டும். கோப்பு ஏஏசி என்பதால் தயங்க வேண்டாம். எடுத்த பின், பழைய சிடியின் முதல் பாடலோடு ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, டிரம் நுழையும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.